கிரேட்டன் 640: தினமும் ஓட்டலாம்

அறுநூற்று நாற்பது குதிரைசக்தி கொண்ட கிரேட்டன் 640 காரை ஒரு சாதாரண மனிதர் தினமும் ஓட்டலாமா என்று கேட்டால், ஓட்டலாம் என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். இந்த அறையில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்வது உங்களுக்கு வேடிக்கையாக இருக்கலாம், டிடெக்டிவ் போஸ்ட்மா. ஆனால் நடந்துவிட்ட ஒரு காரியத்துக்காக நல்ல காரைப் பற்றி அபாண்டம் பேச எனக்கு மனசு வராது.

என் பெயர் வெர்ன் ஹுல்ஸ்ட். வயது அறுபத்தாறு. கிரேட்டன் கம்பெனியின் சோதனைத் தடத்தில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தேன். புதுக் காரை ஓட்டிப் பார்த்து அதில் என்ன நிறை, என்ன குறை என்று எழுதிக் கொடுப்பதுதான் வேலை. ஓய்வு பெற்று இந்த ஏரிக்கரை ஊருக்கு வந்து பதினொரு வருடம் ஆகிறது. வந்த பிறகும் கை சும்மா இருக்கவில்லை. ஊரில் யாராவது கார் வாங்கப் போகிறார்கள் என்றால் விற்பனைக் கடைக்காரர்களே ஒரு வாரத்துக்கு வண்டியை என்னிடம் விட்டுவிடுவார்கள். நான் அதில் கடைக்குப் போவேன், சர்ச்சுக்குப் போவேன், மழையில் ஓட்டுவேன். பிறகு இரண்டு பக்கம் தட்டச்சு செய்து, கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுப்பேன். கூலி கிடையாது. ஆப்பிள் பை கொடுத்தால் வாங்கிக்கொள்வேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து காபி குடிக்கும்போது பெண்கள் தங்கள் கணவன்மாரிடம் கேட்பது ஒரே கேள்விதான்: வெர்ன் கையெழுத்துப் போட்டாச்சா? அந்தக் கேள்வி காதில் விழும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருக்கும். அதை மறைப்பானேன்.

லைல் பெண்டர் என் பக்கத்து வீட்டுக்காரர். பல் டாக்டர். ஜூன் மாதம் தன் மருத்துவமனையை விற்றுவிட்டு ஓய்வு பெற்றார். எங்கள் பக்கத்தில் ஓய்வு பெறும் ஆண்கள் படகு வாங்குவார்கள், இல்லை முழங்கால் மூட்டை மாற்றிக்கொள்வார்கள், இல்லை இப்படி ஒரு கார் வாங்குவார்கள். லைல் மூட்டை ஏற்கெனவே மாற்றிக்கொண்டிருந்தார். ஒருநாள் வேலியோரம் வந்து நின்றார்.

“வெர்ன், ஒண்ணு சொன்னா சிரிக்கக் கூடாது.”

“சிரிக்கிற வயசெல்லாம் போயிடுச்சு. சொல்லு.”

“640 வாங்கலாம்னு இருக்கேன். செவப்பு இல்ல. சாம்பல் கலர். அடக்கமாத்தான் இருக்கும்.”

“அறுநூத்தி நாப்பது குதிரைய வாசல்ல கட்டிட்டு அடக்கம்ங்கிறியே.”

“முப்பத்தஞ்சு வருசம் அடுத்தவன் வாயையே பாத்துட்டு நின்னாச்சுப்பா. இனிமேலாவது ரோட்டைப் பாக்கலாம்னு ஒரு ஆசை.”

அவர் மனைவி கிளெண்டா தோட்டக் கத்தரியோடு பின்னால் நின்றிருந்தாள். “அது ஓடுமா பறக்குமான்னெல்லாம் எனக்குத் தெரியாது” என்றாள். “வெர்ன் கையெழுத்துப் போட்டா வாங்கிக்கோ. போடலேன்னா இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. வெர்ன், இவன் மூஞ்சியப் பாத்து எரக்கப்பட்டுடாதீங்க. உள்ளத உள்ளபடி எழுதுங்க.”

ஆக, அந்தக் கார் அவர்கள் வாசலுக்கு வருவதும் வராததும் என் பேனாவில் இருந்தது.

செப்டம்பர் இரண்டாம் வாரம் முழுவதும் ஓட்டினேன். அறிக்கை உங்கள் கையில் இருக்கிறது, வாசித்திருப்பீர்கள். அதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. பின்பெட்டியில் ஒரு வாரத்து மளிகை அடங்கியது, முட்டை ஒன்றுகூட உடையவில்லை. இருக்கை தாழ்வு. மாற்று மூட்டுக்காரர் முதலில் உட்கார்ந்துவிட்டுப் பிறகு காலை உள்ளே எடுத்துக்கொள்ள வேண்டும். கண்ணியமாக இறங்க இரண்டு வாரப் பழக்கம் தேவை என்று எழுதினேன். காரில் இருந்தபடியே காபி வாங்கும் ஜன்னலில் கையை நன்றாகத் தூக்க வேண்டியிருந்தது. அந்தப் பெண் என்னைக் கிணற்றுக்குள் பார்ப்பதுபோலக் குனிந்து பார்த்தாள். காலையில் சத்தமில்லாமல் கிளப்ப ஒரு வசதி உண்டு. சர்ச் வாசலில் இருக்கும் வேகத்தடையில் காரின் அடிவயிறு தட்டவில்லை. நெடுஞ்சாலையில் கேலனுக்கு இருபத்திரண்டு மைல் கொடுத்தது. இவ்வளவு பலமுள்ள ஒன்று இவ்வளவு சாதுவாக இருப்பது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

வியாழக்கிழமை கிளெண்டாவை நூலகத்துக்கு அழைத்துப் போனேன். ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கைக்கு அறிக்கையில் ஒரு பத்தி உண்டு, அதற்கு ஆள் வேண்டும். ஏரிச் சாலையில் ஒருமுறை அழுத்திக் காட்டினேன். அவள் சிரித்துக்கொண்டே என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். ஏறத்தாழ நான்கு நொடி. அது அறிக்கையில் இல்லை. எல்லாவற்றையும் எழுத முடியாது.

கிளெண்டாவைப் பற்றிக் கேட்டீர்கள். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சோதனைத் தடத்தில் வாரம் ஆறு நாள் போய்விடும், பிறகு வயது போய்விட்டது. பக்கத்து வீட்டில் ஒரு பெண் தினமும் காலையில் தபால் பெட்டிக்கு வந்து கையசைத்துவிட்டுப் போனால் மனிதனுக்கு அது போதும் என்றுதான் முதல் சில வருடம் நினைத்தேன். போதவில்லை. எனக்கும் அவளுக்கும் தவறான உறவு எதுவும் கிடையாது. ஒரு வார்த்தை நான் பேசியதில்லை. ஆனால் நவம்பரில் சூப் வைத்தால் எனக்கு ஒரு பாத்திரம் வரும். ஊரில் யார் யாருக்கோ அவள் சூப் கொடுப்பாள் என்று லைல் சொல்வார். எனக்கு வருவது மூடி போட்ட பாத்திரத்தில் வரும்.

பழக்க தோஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள், லைலையும் நான் மதிப்பிட்டுப் பார்த்திருந்தேன். என் சமையலறை ஜன்னலிலிருந்து அவர்கள் வாசல் நன்றாகத் தெரியும். சவரம் செய்யும்போது பாடுவார், அது என் வீடு வரை கேட்கும். கிளெண்டா ஒரு கதை சொல்லத் தொடங்கினால் முடிவை இவர் சொல்லிவிடுவார். குப்பைத் தொட்டியை வியாழக்கிழமை இரவு வெளியே வைக்க மறந்துவிட்டு வெள்ளிக்கிழமை காலையில் பைஜாமாவோடு ஓடுவார். ஒவ்வொன்றாகப் பார்த்தால் சின்ன விஷயம். ஆனால் தினப் பயன்பாட்டில் சின்ன விஷயம்தான் ஆளைத் தின்னும். நான் வாடிக்கையாளர்களுக்குச் சொல்வதே அதுதான்.

அந்த கோல்ஃப் பை விவகாரத்தை உணவுக்கடையில் யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நான்கு வருடத்துக்கு முன்பு லைல் ஒரு பெரிய வண்டி வாங்கினார். அதன் பின்பெட்டியில் இரண்டு கோல்ஃப் பை படுக்கும் என்று எழுதிக் கொடுத்திருந்தேன். என் அளவுப்படி படுக்கும். அவர் வைத்திருந்த மட்டை வழக்கமானதைவிட ஒன்றேகால் அங்குலம் நீளம். ஒரு பைதான் படுத்தது. இன்னொரு பை கதவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைப் படம் எடுத்து, அதன் அடியில் ‘சரிபார்த்தவர்: வெர்ன் ஹுல்ஸ்ட்’ என்று எழுதி, நாங்கள் காலையில் கூடும் உணவுக்கடைச் சுவரில் மாட்டிவிட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

“வெர்ன்கிட்ட மணி கேளுங்க, கரெக்டா சொல்வான்” என்பார் லைல், முட்டையைக் குத்திக்கொண்டே. “பையப் பத்தி மட்டும் கேட்டுடாதீங்க. பாவம், ஆயுசு பூரா அடுத்தவன் காரையே ஓட்டினவன். ஊருக்கெல்லாம் சமைச்சுப் போட்டுட்டு ஒருநாளும் உக்காந்து சாப்பிடாதவன்.”

இதையெல்லாம் நான் மனதில் வைத்துக்கொள்பவன் அல்ல. அந்தப் படம் பதினான்கு மாதம் சுவரில் இருந்தது. மார்ச் மூன்றாம் தேதி, புதன்கிழமை, கடைக்கு வெள்ளையடித்தபோது கழற்றினார்கள்.

இப்போது டயருக்கு வருவோம்.

640 கார் கம்பெனியிலிருந்து வரும்போது கோடைக்கால டயரோடு வரும். வெயிலில் அதுபோலப் பிடிப்பு வேறு எதற்கும் இல்லை. ஆனால் வெளியே குளிர் ஃபாரன்ஹீட் கணக்கில் நாற்பத்தைந்து டிகிரிக்குக் கீழே போனால் அந்த ரப்பர் விறைத்துவிடும். இன்னும் இறங்கி உறைநிலைக்கும் கீழே போனால் பிளாஸ்டிக் மாதிரி ஆகிவிடும். அப்போது பனி வேண்டாம், மழை வேண்டாம், ஈரமே வேண்டாம். காய்ந்து கிடக்கும் சுத்தமான சாலையில், நல்ல வெயில் அடிக்கும்போதுகூட, சற்று அழுத்தி மிதித்தால் பின்பக்கம் தனியாகக் கழன்று போய்விடும். தொழிலில் இருப்பவர்களுக்கு இது அரிச்சுவடி. குளிருக்கு வேறு டயர் மாட்டிவிட்டால் ஒரு தொந்தரவும் இல்லை. காரின் மேல் பிழையே கிடையாது.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது தெரியாது. தெரியாது என்பதைவிட, தெரிந்துகொள்ள விடாத ஒரு பெருமை அவர்களிடம் இருக்கிறது. மிச்சிகனில் பிறந்தவன் பதினாறு வயதிலிருந்து பனியில் ஓட்டியவன். காலையில் கதவைத் திறந்து சாலையைப் பார்ப்பான். வெள்ளையாக இருந்தால் பயப்படுவான். கறுப்பாக இருந்தால் பயமில்லை. குளிரைப் பற்றி அவனிடம் யாரும் பேச முடியாது, பனியே பார்க்காத ஃப்ளோரிடாக்காரனா நான் என்று கேட்பான். முப்பத்தொரு வருடமாக இதைப் பார்த்தவன் நான்.

லைல் என்னைக் கேட்கவும் செய்தார்.

“குளிர்காலத்துக்கு என்ன பண்றது, வெர்ன்?”

“பனி விழுந்தா வெளிய எடுக்காத.”

“அது கூடவா தெரியாது? நாப்பத்தெட்டு வருசமா இந்தப் பனியில ஓட்டுறவன்கிட்ட சொல்ற பாரு.”

“சரி, உனக்குத் தெரியாததையா நான் சொல்லப்போறேன்” என்றேன்.

இதில் பொய் எங்கே இருக்கிறது. கையெழுத்துப் போட்ட தாளில் டயர் பற்றி நான் ஒன்றும் எழுதவில்லை. அவ்வளவுதான். காரின் முன்பக்கக் கைப்பெட்டியில் கடைக்காரர்கள் ஒரு மஞ்சள் தாள் வைத்திருந்தார்கள், டயரும் குளிரும் பற்றியது. அதை எடுத்து என் கோப்பில் வைத்துக்கொண்டேன். நீங்கள் அங்கேதான் கண்டெடுத்தீர்கள். ஆவணங்களை நான் தூக்கி எறிவதில்லை. கார் ஒப்படைக்கும் நாளில் விற்பனைக்கார இளைஞன் டயர் என்று வாயெடுத்தான். அத எங்கிட்ட விட்டுடு தம்பி, அவருக்கு நான் எடுத்துச் சொல்லிக்கிறேன் என்றேன். சரிங்க சார் என்று போய்விட்டான். அவனைத் தொந்தரவு செய்யாதீர்கள். என் பேச்சை நம்புவது இந்த ஊரில் குற்றமில்லை.

அக்டோபர் முதல் வாரம் கார் வந்தது. ஸ்டீயரிங்கில் ஒரு பொத்தான் இருக்கிறது, அவரவர் விருப்பப்படி காரின் குணத்தை அதில் சேமித்து வைக்கலாம். லைலுக்கு அதெல்லாம் புரியாது. நானே உட்கார்ந்து அமைத்துக் கொடுத்தேன். சக்கரம் வழுக்கினால் கணினி தானாகப் பிடித்து நிறுத்தும். அமுக்கினால் அந்தக் காவலை எடுத்துவிடும்படி அந்தப் பொத்தானை வைத்தேன். பிறகு ஓடைப் பாலத்துக்கு முன்னால் இருக்கும் வளைவுக்கு அவரை அழைத்துப் போனேன்.

“இந்த வளைவு முடியற எடத்துல பொத்தான அமுக்கிட்டு ஒரு மிதி மிதி. இத எதுக்கு வாங்கினோம்னு அங்கதான் தெரியும்” என்றேன்.

மிதித்தார். அன்று அறுபத்தெட்டு டிகிரி, இதமான நாள். கார் தரையைக் கவ்விக்கொண்டு போனது. அவர் முகம் பத்து வயதுப் பிள்ளையின் முகமாக மாறியிருந்தது. எனக்கு அவரை அப்போது பிடித்திருந்தது என்றுகூடச் சொல்லலாம். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் சர்ச்சுக்குப் போகும்போது அந்த இடத்தில் அப்படி மிதிப்பது அவருக்குப் பழக்கமாகிவிட்டது. என் வீட்டுக்கே சத்தம் கேட்கும். நான் செய்ய வேண்டியது வேறு எதுவும் இருக்கவில்லை, தினமும் வானிலைச் செய்தி பார்ப்பதைத் தவிர.

ஞாயிறு என்பதும் யோசிக்காமல் அமைந்ததல்ல. கிளெண்டா சர்ச் பாடகர் குழுவில் இருக்கிறாள். ஆராதனைக்கு முன்னால் ஒத்திகை. எட்டரைக்கே தன் காரில் கிளம்பிவிடுவாள். லைல் ஒன்பதரைக்குத் தனியாகப் போவார். ஆறு வாரம் பார்த்தேன், ஒருமுறைகூட மாறவில்லை.

நவம்பர் மூன்றாம் ஞாயிறு அந்த நாள் வந்தது. இருபத்திரண்டு டிகிரி, உறைநிலைக்கும் பத்து டிகிரி கீழே. மேகமே இல்லை. சாலை துடைத்துவிட்டதுபோலக் கறுப்பாக இருந்தது. சமையலறை ஜன்னலில் காபியோடு நின்றிருந்தேன். ஒன்பது முப்பத்தாறுக்குக் கார் பின்னால் வந்து, திரும்பி, ஓடைப் பக்கம் போனது. அந்தச் சத்தம் எனக்குப் பழக்கமானது. இன்ஜின் ஏறும், பிறகு சமமாகும். அன்றைக்கு ஏறியது, சமமாகவில்லை. இடப்பக்கமாக, ஓட்டுநர் கதவு முதலில் படும்படி, பாலத்தின் தூணில் போய் மோதியிருக்கிறது. லைல் அங்கேயே போய்விட்டார் என்று பிறகு சொன்னார்கள். வலித்திருக்காது என்று நினைக்கிறேன்.

ஆமாம், அவரை நான்தான் கொன்றேன். இதை நீங்கள் அப்படியே எழுதிக்கொள்ளலாம். மழுப்புவதற்கு ஒன்றுமில்லை. ஆனால் வெறுப்பினால் அல்ல. வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு நல்ல பெண் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துகொண்டிருந்தாள். அவளே அதைக் கவனித்தாளா என்பதுகூட எனக்குச் சந்தேகம். கவனிக்கிற வேலை என்னுடையது. வசந்தத்தில் ஒருநாள் நானே போய்ப் பேசுவதாக இருந்தேன். அதற்குள் அவசரமில்லை.

இந்த மேஜையில் இரண்டு அறிக்கைகளை வைத்தீர்கள். ஒன்று லைலுடையது. மற்றது கிளெண்டாவுக்கு ஆறு வருடத்துக்கு முன்பு நான் எழுதிக் கொடுத்தது, அவளுடைய பழைய ஸ்டேஷன் வேகனுக்கு. அதையும் கோடைக்கால டயரோடுதான் யாரோ அவள் தலையில் கட்டியிருந்தார்கள். அதில் டயரைப் பற்றி ஒன்பது வரி எழுதியிருக்கிறேன். ‘சாலை காய்ந்திருந்தாலும், வெயில் அடித்தாலும், குளிரில் இந்த டயரோடு தெருவைக்கூடத் தாண்ட வேண்டாம்’ என்று அடிக்கோடு போட்டிருக்கிறேன். அந்த வாரமே அவளுக்கு நான்தான் டயர் மாற்றிக் கொடுத்தேன். அவள் வீட்டு அலமாரி இழுப்பறையிலிருந்து இது கிடைத்தது என்று சொன்னீர்கள். ஆறு வருடம் பத்திரமாக வைத்திருந்திருக்கிறாள். வேண்டாதவன் கொடுத்த தாளை யாரும் அப்படி வைத்திருக்க மாட்டார்கள். உங்களுக்கு இது சாட்சியம். எனக்கு வேறு.

அதற்குப் பிறகு நீங்கள் சொன்னதைத்தான் நான் கொஞ்ச நேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

“ஆஸ்பத்திரிக் கட்டில்லேர்ந்துதான் அவங்க தங்கச்சிய அனுப்பி இத எடுத்துக் குடுத்தாங்க, மிஸ்டர் ஹுல்ஸ்ட்” என்றீர்கள். “இடுப்பெலும்பு ரெண்டு எடத்துல ஒடைஞ்சிருக்கு. நடப்பாங்களான்னு டாக்டர் இன்னும் சொல்லல. அன்னிக்கு அவங்க வண்டியில ஏறினது உங்க ஜன்னல்லேர்ந்து தெரிஞ்சுதா இல்லையா?”

தெரிந்தது.

பியானோ வாசிப்பவருக்குக் காய்ச்சல் என்று ஒத்திகையை ரத்து செய்துவிட்டார்களாம். அது எனக்கு எட்டரை மணிக்கே புரிந்திருக்க வேண்டும், அவள் கார் வெளியே வரவில்லை. ஒன்பதரைக்குப் பச்சைக் கோட்டு போட்டுக்கொண்டு வந்தாள். துண்டில் சுற்றிய சாப்பாட்டுப் பாத்திரம் ஒன்றை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். லைல் அதை வாங்கிக்கொண்டு, அவள் உட்கார்ந்ததும் மடியில் வைத்தார். ஏதோ சொன்னார், அவள் சிரித்தாள்.

எனக்கும் அவர்களுக்கும் இடையே நாற்பதடி. காலில் செருப்பு இருந்தது. கதவைத் திறந்து ஒரு குரல் கொடுத்திருக்கலாம். ஜன்னல் கண்ணாடியைத் தட்டியிருந்தால்கூட லைல் காரை நிறுத்தியிருப்பார், நல்ல பக்கத்து வீட்டுக்காரர். என்ன வெர்ன் என்று கேட்டிருப்பார். டயர் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அப்படின்னா ஏன் நீ எழுதல என்று கேட்டிருப்பார். மறுநாள் காலையில் உணவுக்கடை முழுவதும் அதே பேச்சாக இருந்திருக்கும். இவ்வளவும் எனக்கு அந்த ஒரு நிமிடத்தில் தோன்றியது. காபியைக் கீழே வைத்தேன் என்பது ஞாபகம் இருக்கிறது. கதவுப் பக்கம் ஒரு எட்டு வைத்தேனா என்று கேட்டால், இல்லை.

கார் திரும்பும்போது கிளெண்டா என் ஜன்னலைப் பார்த்துக் கையசைத்தாள். நானும் அசைத்தேன்.

வேறு எதையும் திருத்த வேண்டியதில்லை. கையெழுத்துப் போடுகிறேன். அவளுக்காகத்தான் செய்தேன் என்ற வரியை மட்டும் கொஞ்சம் தெளிவாக எழுதுங்கள். அவளிடம் இதை வாசித்துக் காட்டுவீர்கள் இல்லையா.